கசப்பு காக்காத நுனி

மார்கழி கடைசி நாளில் காப்புக் கட்டுவதற்கு வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் வேண்டும். தருமபுரி, சேலம் பக்கங்களில் பூளையும் ஆவாரையும் எங்காவது காட்டோரத்தில் கிடைத்துவிடும். எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்த வேப்பிலைக்குத்தான் சில ஆண்டுகளாகத் தட்டுப்பாடு. வாசலில் நிற்கும் மரத்தை அண்ணாந்து பார்த்தால் கிளை நுனிகளெல்லாம் தீயில் வாட்டியதுபோல் பழுப்பேறி இருக்கின்றன. ஒடித்தால் இலை நொறுங்குகிறது.

வேம்பு இலை உதிர்ப்பது புதிதல்ல. மாசியில் மஞ்சளாகிக் கொட்டும், பங்குனியில் துளிர்த்துப் பூக்கும். ஆனால் தை பிறப்பதற்கு முன்பே மரம் காய்வது அந்தக் கணக்கில் வராது. ஆகவே ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். செல்போன் கோபுரம் என்கிறார் ஒருவர். கடை மறைக்கிறதென்று யாரோ வேரில் ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்கிறார் இன்னொருவர். அம்மன் கோபம் என்பவர்களும் உண்டு. எல்லாப் பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்வி: ஊர்ப் பயிருக்கெல்லாம் மருந்தாகும் மரம், தனக்கு வந்த நோயை ஏன் தடுத்துக்கொள்ளவில்லை?

நியாயமான கேள்வி. அதற்கான பதில், நகரத்து மரம் ஒன்று எப்படி நோய்ப்படுகிறது, எப்படித் தப்புகிறது என்பதுவரை நம்மைக் கொண்டுபோகும்.

வெட்டுக்கிளி தொடாத மரம்

1959இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் இறங்கியது. கண்ணில் பட்ட பச்சையையெல்லாம் தின்று தீர்த்த கூட்டம், வேப்பமரங்களை மட்டும் விட்டுவிட்டுப் போனது. அதை நேரில் கண்டவர் ஹைன்ரிச் ஷ்முட்டரர் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். வேம்பைப் பற்றிய நவீன ஆய்வுகள் வேகம் பிடித்தது அதற்குப் பிறகுதான். 1968இல் இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகத்தில் பட்டர்வொர்த், மார்கன் இருவரும் வேப்பம் விதையிலிருந்து அந்தக் காவல்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பெயர் அசாடிராக்டின். இலையைக் கடித்துத் தின்னும் பூச்சிகளுக்கு இது உணவின் மேலேயே வெறுப்பை உண்டாக்குகிறது. மீறித் தின்ற புழு தோலுரித்து அடுத்த நிலைக்குப் போக முடியாமல் சாகிறது.

இன்னொரு செய்தியும் இந்த இடத்துக்குப் பொருந்தும். வேப்பெண்ணெயால் பூஞ்சையைக் கட்டுப்படுத்தும் முறைக்கு 1994இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண்மைத் துறைக்கும் டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனத்துக்கும் காப்புரிமை வழங்கியது. இது இந்திய உழவர்கள் காலங்காலமாக அறிந்தது என்று எதிர்த்து வாதாடியதில் 2000இல் அது ரத்தானது. மேல்முறையீடும் 2005இல் தள்ளுபடியானது. பூஞ்சைக்கு மருந்து என்று உலக அரங்கில் வழக்காடப்பட்ட அதே மரத்தைத்தான் இன்று ஒரு பூஞ்சை காய வைக்கிறது.

இதில் முரண்பாடு ஏதும் இல்லை. அசாடிராக்டின் மிகுந்திருப்பது விதைப் பருப்பில். இலையில் அதைவிடக் குறைவு. அடுத்த தலைமுறையான விதைக்கே மரம் அதிகம் செலவழிக்கிறது. நாம் பருப்பை இடித்து, எண்ணெய் எடுத்து, செறிவாக்கித் தெளிக்கிறோம். அந்தச் செறிவு மரத்தின் கொழுந்தில் இல்லை. தவிரவும், அது முதன்மையாகப் பூச்சியை நோக்கிய ஆயுதம். அதிலும் கடித்துத் தின்பவற்றின் மீதுதான் அதன் முழு வீச்சும். ஊசிபோல் குத்தி உறிஞ்சும் பூச்சியும், ஈரத்தில் முளைத்து உள்ளே இறங்கும் பூஞ்சையும் வேறு வழியில் வருகின்றன.

ஒரு கொழுந்து, இரண்டு பகைவர்கள்

ஐப்பசியில் மழை ஓய்ந்த ஒரு மாலை. வேம்பின் இளந்தண்டில் ஒரு பூச்சி வந்து உட்காருகிறது. அரிசி மணி நீளம்தான் இருக்கும். கருஞ்சிவப்பு உடல், நீண்ட கால்கள்; முதுகில் குண்டூசி குத்தி நிறுத்தியதுபோல் ஒரு சிறு முள். தேயிலைக் கொசு என்று வேளாண் துறையினர் அழைப்பது இதைத்தான். கொசு இனம் அல்ல, நாவாய்ப்பூச்சி இனம். தேயிலை, முந்திரி, கொய்யா, கோகோ என்று பல பயிர்களில் இதற்கு விருந்து உண்டு. வேம்பும் அதில் ஒன்று.

இது இலையை மெல்லுவதில்லை. ஊசிவாயைத் தளிரில் செருகி, எச்சிலைச் செலுத்தி, கரைந்த சாற்றை உறிஞ்சுகிறது. குத்திய இடத்தைச் சுற்றித் திசு செத்துக் கருக்கிறது. குஞ்சுகளும் வளர்ந்தவையும் ஒன்றுபோலவே குத்துகின்றன. ஒரு தண்டில் புள்ளி புள்ளியாக விழுந்த கருமை ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டால், அதற்கு மேலே நீர் ஏறாது. நுனி தொங்கிவிடும். பூச்சி தன் முட்டையையும் அதே இளந்தண்டுக்குள் செருகி வைப்பதால் அடுத்த தலைமுறைக்கும் இடம் தேட வேண்டியதில்லை.

இரண்டாவது பகைவன் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்னும் பூஞ்சை. மைசூர்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1997இல் இதைப் புதிய இனமாக விவரித்தார்கள். தருமபுரிக்கு மைசூர் ஒன்றும் தூரமில்லை; நடுவில் காடும் காவிரியும்தான். இந்தப் பூஞ்சை உண்டாக்கும் நோயை நுனிக்கருகல் என்று சொல்லலாம். கிளையின் நுனியில் தொடங்கி அடியை நோக்கி இறங்கி வருவது இதன் போக்கு. செத்த குச்சியின் பட்டைமேல் ஊசிமுனையளவு கரும்புள்ளிகள் தோன்றும். அவை பூஞ்சையின் வித்துப்பைகள். மழைத்துளி விழும்போது அதிலிருந்து கசியும் வித்துகள் தெறித்து அடுத்த கொழுந்துக்குப் போகும். பூங்கொத்தும் பிஞ்சும்கூடக் கருகும். விதைக்குள்ளும் பூஞ்சை தங்கிவிடும் என்பதுதான் இதில் மிகவும் கவலை தருவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இருவரில் முதல் குற்றவாளி யார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதம் உண்டு. பூச்சி குத்திய துளை பூஞ்சைக்குத் திறந்த வாசல். ஆனால் பூச்சியே இல்லாத இடத்திலும் நீடித்த ஈரம் கிடைத்தால் பூஞ்சை தானே நுழைந்துவிடும். 2021இல் தெலங்கானாவில் ஊர் ஊராக வேம்பு பழுப்பேறியபோது அங்குள்ள ஜெயசங்கர் வேளாண் பல்கலைக்கழகத்தார் மாதிரிகளைச் சோதித்தார்கள். பூஞ்சை, தேயிலைக் கொசு இரண்டையுமே கண்டார்கள். தெருவில் நிற்பவருக்கு இந்த விவாதத்தைவிட முக்கியமானது, இரண்டுக்கும் பிடித்த பருவம் ஒன்றே என்பது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் தொடும் மாவட்டம் தருமபுரி. ஆவணி தொடங்கிக் கார்த்திகை வரை ஈரம் விட்டுவிட்டு நீள்கிறது. அந்த ஈரத்தில் வந்த பிந்திய துளிர்தான் மார்கழியில் கருகி நிற்பது.

நகத்தால் கீறிப் பார்க்கலாம்

மரம் முழுக்கப் பழுப்பானதும் "பட்டுப்போச்சு, எடுத்துடலாம்" என்ற பேச்சு எழுகிறது. அவசரம் வேண்டாம். முதலில், இயல்பான இலையுதிர்வையும் நோயையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு. இயல்பாக உதிரும் இலை மஞ்சளாகி, காம்போடு கழன்று விழும். மரமே அதைக் கழற்றிவிடுகிறது. நோயில் கருகிய இலை பழுப்பாகச் சுருண்டு குச்சியிலேயே தொங்கும். கழற்றிவிடும் வேலையை முடிப்பதற்குள் குச்சி செத்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது, விரல் தடிமன் உள்ள கிளையில் பட்டையை நகத்தால் இலேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அந்த இடம் உயிரோடு இருக்கிறது. பழுப்பாகக் காய்ந்திருந்தால் இன்னும் ஒரு முழம் கீழே இறங்கிக் கீறுங்கள். பெரும்பாலான மரங்களில் நுனியிலிருந்து சிறிது தூரத்திலேயே பச்சை தென்பட்டுவிடும். அப்படிப்பட்ட மரம் வெயில் ஏறியதும் துளிர்க்கும். தெலங்கானாவிலும் கருகிய மரங்களில் மிகப் பல மீண்டும் தழைத்தன.

ஆனால் அந்தத் துளிர் இலவசமாக வருவதில்லை. இலையில்லாத மரத்தால் உணவு சமைக்க முடியாது. தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்துத்தான் புது இலையை விரிக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மாசியில் ஒருமுறை இந்தச் செலவு உண்டு. நோயும் சேர்ந்தால் செலவு கூடுகிறது. பூ, பிஞ்சு, விதை என்று வருவாயும் கைநழுவுகிறது. வயல்வரப்பில் நிற்கும் மரம் இதை ஈடுகட்டிவிடும். பேருந்து நிலையத்தின் ஓரத்தில் நிற்கும் மரத்தால் முடியுமா என்பது அதன் காலடி மண்ணைப் பொறுத்தது.

காலடியில் ஒரு கணக்கு

தருமபுரி நகரத் தெரு ஒன்றில் நடுத்தர வயது வேம்பு ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்வோம். அடிமரம் 60 செ.மீ. குறுக்களவு. மேலே விரிந்த தழை 10 மீட்டர் அகலம். அந்த நிழல் தரையில் மூடும் பரப்பு ஏறக்குறைய 78 சதுர மீட்டர். 10 மி.மீ. மழை பெய்தால் அந்த வட்டத்தில் விழும் நீர் சுமார் 780 லிட்டர். இலையில் தங்கி ஆவியாவதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஒப்பீட்டுக்கு அது தடையில்லை.

வயலில் இந்த நீரில் பெரும்பங்கு மண்ணுக்குள் இறங்கும். தெருவில் என்ன நடக்கிறது? அடிமரத்தை ஒட்டியே பேவர் கல்லும் சிமென்ட் பூச்சும் வந்துவிட்டால் ஏறத்தாழ எல்லாமே சாக்கடைக்குப் போகிறது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று டெல்லி மரங்கள் தொடர்பான வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013 ஏப்ரலில் உத்தரவிட்டது. அதை நம் வேம்புக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒரு மீட்டர் அகல வளையம் திறந்திருந்தால் கிடைக்கும் மண்பரப்பு சுமார் 5 சதுர மீட்டர். அதில் இறங்கும் நீர் 50 லிட்டர், 780இல் 50. இப்போது வளையத்தை இரண்டு மீட்டராக்குங்கள். பரப்பு 16 சதுர மீட்டரைத் தாண்டுகிறது, நீர் 160 லிட்டருக்கு மேல். அகலம் இரட்டித்தால் மரத்தின் பங்கு மூன்று மடங்குக்கும் மேல் கூடுகிறது. தெரு போடும்போது இரண்டு வரிசைக் கல்லைக் குறைத்துக்கொண்டாலே இவ்வளவு வேறுபாடு.

நீரைவிடவும் அவசரமானது காற்று. நம்மில் பலர் மறந்துவிடுவது இதைத்தான். வேரும் மூச்சு விடுகிறது. நீரை உறிஞ்சும் மெல்லிய வேர்களில் பெரும்பாலானவை மேல் அரை மீட்டர் மண்ணுக்குள்ளேயே இருக்கின்றன. அந்த ஆழத்துக்குத்தான் காற்று எளிதாக எட்டும். தருமபுரியில் பல இடங்களில் செம்மண்ணுக்குக் கீழே வெகு விரைவில் பாறை வந்துவிடுவதால் வேருக்கு வேறு போக்கிடமும் இல்லை. ரோடு ரோலரால் இறுக்கிய மண்ணில் துளைகள் மூடி, உறிஞ்சு வேர்கள் செத்துப்போகின்றன. மேலே இலை பச்சையாகத்தான் இருக்கும். சேமிப்பு மட்டும் ஆண்டுக்கு ஆண்டு மெலியும். பிறகு ஒரு மழைக்காலத்தில் நுனிக்கருகல் வரும்போது, பக்கத்துத் தோட்டத்து மரம் பங்குனியில் தழைக்க, தெருமரம் மொட்டையாக நிற்கும். ஊர் நோயைக் குறை சொல்லும். சேமிப்பைக் கரைத்தது என்னவோ தெருத்தளம்.

ஆகவே நோய் வந்த மரத்துக்கு என்ன மருந்து என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, காலடியில் எவ்வளவு மண் தெரிகிறது என்பதைத்தான். கல்லைப் பெயர்த்து, மண்ணை வேர் அறுபடாமல் இளக்கி, விழுந்த இலைகளையே மூடாக்காகப் போடலாம். மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் பட்டை அழுகும். கருகிய குச்சிகளை மட்டும் அதில் சேர்க்காதீர்கள். கோடையில் வாரம் ஒருமுறை நாலைந்து குடம், அடிமரத்தில் ஊற்றாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும்.

மரத்துக்குக் காயம் ஆறுவதில்லை

அலெக்ஸ் ஷைகோ என்பவர் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர். வெட்டுப்பட்ட மரங்களை ஆயிரக்கணக்கில் நீளவாக்கில் அறுத்து, காயத்துக்குப் பின்னால் உள்ளே என்ன நடந்தது என்று பார்த்தார். 1970களில் அவர் எட்டிய முடிவு மரவளர்ப்பின் நடைமுறையையே மாற்றியது. நம் தோலில் காயம் பட்டால் செத்த திசு நீங்கி அங்கே புதுத் திசு வரும். மரத்தால் அது முடியாது. அது காயம்பட்ட பகுதியை வேதிப்பொருள்களால் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, வெளிப்பக்கம் புதுக் கட்டையை வளர்த்துக்கொள்கிறது. அழுகல் உள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும். வாடகை வீட்டில் ஒழுகும் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் குடியிருப்பது போன்றது இது. அறையடைப்பு என்று இதைச் சொல்லிக்கொள்வோம்.

சுவர்களில் மேல்கீழாகப் பரவுவதைத் தடுப்பதுதான் மிகப் பலவீனமானது. அழுகல் மரத்தில் நெடுக்காக ஓடுவது அதனால்தான். காயத்துக்குப் பின் வெளியே வளரும் புதுக்கட்டையின் சுவர் மிக வலுவானது. எல்லாச் சுவருக்கும் செங்கல் மாவுச்சத்திலிருந்து வர வேண்டும். சேமிப்பு இல்லாத மரம் சுவர் எழுப்பத் தடுமாறும்.

இதிலிருந்து வெட்டும் முறை தானாக வருகிறது. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றே தடித்த ஒரு வளையம் தெரியும். இதைக் கிளைக்கழுத்து எனலாம். அறையடைப்புக்கான ஆயத்தம் அங்கேதான் இருக்கிறது. கழுத்தையும் சேர்த்து அடிமரத்தோடு மழித்தால் சுவர் கட்டும் இடமே போய்விடும். ஒரு முழக் கட்டையை விட்டுவைத்தால் அந்தக் கட்டை காய்ந்து பூஞ்சைக்குக் குடியிருப்பாகும். கழுத்துக்குச் சற்று வெளியே வெட்டுவதே சரி. கனத்த கிளையானால் முதலில் தள்ளி அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு, பிறகு அதற்கும் வெளியே மேலிருந்து ஒரு வெட்டு, கனம் இறங்கியபின் கழுத்தருகே கடைசி வெட்டு. இல்லாவிட்டால் கிளை விழும்போது அடிமரப் பட்டையைப் பல முழத்துக்கு உரித்துக்கொண்டு போகும். வெட்டுவாயில் தார் பூசத் தேவையில்லை. சாணமும் வேண்டாம்.

எப்போது வெட்டுவது என்பதற்கு ஓக் மரத்திடம் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவில் ஓக் வாடல் என்ற பூஞ்சை நோய், புதிய வெட்டின் வாசனைக்கு வரும் சிறு வண்டுகள் வழியாகப் பரவுகிறது. அதனால் வண்டு நடமாடும் வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் ஓக்கில் கத்தி வைக்காதீர்கள் என்று மரப் பராமரிப்பாளர்கள் சொல்கிறார்கள். அங்கே மட்டும், தவிர்க்க முடியாமல் வெட்டினால் உடனே வண்ணம் பூசவும் சொல்கிறார்கள். வண்டு வரும் வாசனையை மறைப்பதற்காக. பகைவனின் நாட்காட்டியைப் பார்த்து நம் நாட்காட்டியை வகுத்துக்கொள்ளும் இந்த முறை வேம்புக்கும் பொருந்தும். இங்கே பகைவன் மழைத்தெறிப்பில் வருகிறான். ஆகவே கருகிய கிளைகளைக் கழிக்க ஏற்றது மழை முடிந்த வறண்ட தை, மாசி. கருகலுக்குக் கீழே அரை முழம் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி, குச்சிகளைத் திரட்டி எரித்துவிட வேண்டும், ஆனால் மரத்தடியில் அல்ல. அடிமரத்தருகே மூட்டும் குப்பைத்தீ பட்டைக்கடியில் உள்ள உயிர்ப்படலமான கேம்பியத்தை வேகவைத்துவிடும்.

நடப்பில் நம் தெருமரங்கள் வெட்டுப்படும் காலங்கள் இரண்டு. ஒன்று, மின்கம்பிக்குத் தடையாகும் கிளைகளை மழைக்காலத்துக்கு முன்பும் மழைக்காலத்திலும் கழிப்பது. இன்னொன்று, ஆடி மாதத் திருவிழாவுக்குக் கொத்துக் கொத்தாக முறிப்பது. இரண்டும் வேண்டியவையே. கம்பிக்கடியில் உள்ள மரங்களை மாசியிலேயே அளவாகக் கழித்துவிட்டால் மழையில் கொத்த வேண்டியிராது. ஆடிக்கு வேண்டிய தழையை இழுத்து முறிக்காமல் கூரான கத்தியால் அறுத்தால் காயம் சிறிதாகும். ஒரு மரத்தில் வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போவது நல்லது.

மருந்தடிப்பதைப் பற்றி

பூஞ்சைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் கலந்து அடிக்கலாம் என்ற பரிந்துரைகள் உண்டு. நாற்றுக்கும் ஆளுயரக் கன்றுக்கும் அது பயன்படும். பத்து மீட்டர் உயர மரத்தின் நுனிக்குத் தெருவில் நின்று பீய்ச்சினால் மருந்தில் பாதி டீக்கடைப் பால்சட்டியிலும் பள்ளிக்கூட வாசலிலும் விழும். பூவுக்கு வரும் தேனீயும், தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்னும் முசுறு எறும்பும் சாகும். வளர்ந்த தெருமரத்துக்கு இது வேண்டாம் என்பதே என் கருத்து.

ஒரே மரத்தால் ஆன தெரு

ஃபிராங்க் சாந்தமூர் என்ற அமெரிக்க மரவியலாளர் 1990இல் நகரங்களுக்கு ஓர் அளவுகோல் சொன்னார். ஊர் மரங்களில் ஒரே இனம் பத்து விழுக்காட்டுக்கு மேலும், ஒரே பேரினம் இருபதுக்கு மேலும், ஒரே குடும்பம் முப்பதுக்கு மேலும் போகக் கூடாது. ஒரு நோய் வந்தால் ஊரே மொட்டையாகிவிடக் கூடாது என்பது நோக்கம். நம் ஊர்களில் தெருவுக்குத் தெரு வேம்பும் புங்கனும்தான். வேம்புக்கு மாற்றாக இப்போது ஆர்வத்தோடு நடப்படும் மகோகனியும் மலைவேம்பும்கூட வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தவையே. அந்த முப்பதுக்குள் அவற்றையும் எண்ண வேண்டும்.

வேம்பை விட்டுவிடச் சொல்லவில்லை. நெடுஞ்சாலையோரம் புளி தருமபுரிக்குப் பழகிய மரம். சாலை விரிவாக்கத்தில் போன இடத்தில் மீண்டும் வரட்டும். ஏரிக்கரையில் நாவலும் மருதமும், பள்ளி வளாகத்தில் இலுப்பையும் வாகையும், குறுகிய தெருவில் பூவரசும் மகிழமும் நிற்கட்டும். அவற்றுக்கு நடுவே வேம்பும்.

அந்த வேம்பு எந்த விதையிலிருந்து வருகிறது என்பதும் முக்கியம். பூஞ்சை விதைக்குள் தங்கும் என்றேனே, அது இங்கேதான் வந்து நிற்கிறது. நாற்றங்கால்களுக்கு ஆனி, ஆடியில் விதை பொறுக்கும்போது கைக்கு வந்த மரத்தடியில் பொறுக்கினால் நோயையும் சேர்த்தே பையில் போட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்துவிடுகிறோம். இதற்கு முந்தைய தையிலேயே மரங்களைப் பார்த்து வைக்க வேண்டும். சுற்றிலும் எல்லாம் கருகி நிற்கும்போது பச்சையாக நின்ற மரம் எது என்று குறித்துவைத்து, அதன் பழுத்த பழத்தை மட்டும் எடுக்க வேண்டும். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, சில வாரங்களுக்குள் விதைத்துவிட வேண்டும். வேப்பம் விதையின் முளைப்புத்திறன் அதற்கு மேல் விரைந்து குறையும். அப்படிப்பட்ட பச்சை மரம் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும், காப்புக்கு இலை ஒடித்தவர்கள் அவர்கள்தானே. அந்த மரம் பொது இடத்தில் நின்றால், மரம் வெட்ட அனுமதி வழங்கும் மாவட்டப் பசுமைக் குழுவுக்கு விண்ணப்பம் எதுவும் போவதற்கு முன்பே, அது விதை மரம் என்று ஊராட்சியோ நகராட்சியோ எழுத்தில் பதிந்து வைக்கலாம்.